ஸ்கோர் ஷீட்ல வராத ஆட்டம்: எங்க பேஸ்கட்பால் லீக்ல அவார்டு கொடுக்கக் கத்துக்கிட்டது

பைனல் முடிஞ்சப்ப மணி ஒன்பதே முக்கால். சீஃப் கெஸ்ட்டோட டிரைவர் காரைத் திருப்பி நிறுத்திட்டாரு, மைக்காரர் "இன்னும் சற்று நேரத்தில் பரிசளிப்பு விழா"ன்னு மூணாவது தடவையா சொல்லிட்டிருக்காரு, எங்க செக்ரட்டரி அண்ணன் டேபிள்கிட்ட வேகமா வந்து "தம்பி, இந்த வருஷம் அதிக பாயிண்ட் யாரு, சீக்கிரம் சொல்லு"ன்னு கேட்டாரு. நான் ஸ்கோர் ஷீட் கட்டைப் புரட்டி கூட்டிப் பாத்து, இந்த டீம்ல 11ஆம் நம்பர்ணான்னு சொன்னேன். ரெண்டு நிமிஷம்கூட ஆகல. மூணு மாசம் நடந்த லீக்கோட பெஸ்ட் பிளேயர் அப்படித்தான் முடிவாச்சு.

11ஆம் நம்பர் மேல எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது, நல்ல ஷூட்டர். ஆனா அந்த வருஷம் லீக்கை ஜெயிச்சுக் கொடுத்தது யாருன்னு கேலரில உக்காந்து கடலை சாப்ட்டவங்களுக்குக்கூடத் தெரியும். ஜெயிச்ச டீமோட 7ஆம் நம்பர், பாயிண்ட் கார்டு, அதாவது பந்தைக் கொண்டு வந்து ஆட்டத்தை நடத்தறவன். பகல்ல பம்ப் கம்பெனில லேத் ஓட்டுற பையன், ஷிப்ட் முடிஞ்சு கையில கிரீஸ் வாசனையோட நேரா கிரவுண்டுக்கு வருவான். எதிர் டீம்ல யாரு பெஸ்ட் ஸ்கோரரோ அவனை இவன்தான் பிடிப்பான். பைனல்ல அந்த 11ஆம் நம்பரை ரெண்டாவது பாதி முழுக்கப் பந்தே வாங்கவிடாம பண்ணது இவன்தான். மைக்ல பேர் சொன்னப்ப நான் அவனைத்தான் பாத்தேன். சைடு லைன்ல உக்காந்து ஷூ லேஸ் அவுத்துட்டிருந்தான், சோல் பிஞ்சு ஃபெவிக்விக் போட்டு ஒட்டின ஷூ. நிமிர்ந்து கை தட்டினான், அப்புறம் திரும்பவும் லேஸ்ல குனிஞ்சுக்கிட்டான்.

அந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. ஏன்னா அந்த சீசன் முழுக்க டேபிள்ல உக்காந்து ஸ்கோர் எழுதினது நான்தான். அவன் ஆடின ஆட்டத்துல முக்காவாசி என் ஷீட்ல எங்கயுமே இல்ல.

எங்க லீக் எப்படின்னு கொஞ்சம் சொல்லிடறேன். கொங்குப் பக்கம் ஒரு டவுன், எட்டு டீம், சிமெண்ட் கோர்ட், நாலு மூலைல லைட்டு. எல்லாரும் எல்லார்கூடயும் ஒரு தடவை ஆடினா 28 மேட்ச், அப்புறம் செமி ரெண்டு, மூணாவது இடத்துக்கு ஒண்ணு, பைனல் ஒண்ணு, ஆக மொத்தம் 32. சனி ஞாயிறு சாயங்காலம் மட்டும்தான் நடக்கும், பகல்ல வெயில்ல சிமெண்ட்ல காலே வைக்க முடியாது. ஆடறவங்கள்ல ஸ்போர்ட்ஸ் கோட்டால வேலை வாங்கினவங்க இருக்காங்க, காலேஜ் பசங்க இருக்காங்க, மேட்ச்சுக்கு இவ்வளவுன்னு பேட்டா பேசி பஸ் சார்ஜும் வாங்கிட்டு வெளியூர்லருந்து வர்ற கெஸ்ட் பிளேயர் இருக்காங்க, சும்மா ஆசைக்கு ஆடற வாத்தியார், மெக்கானிக்கெல்லாமும் இருக்காங்க. முழு புரொபஷனலும் இல்ல, வெறும் பொழுதுபோக்கும் இல்ல. மே மாசம் வந்தா கோவைல நாச்சிமுத்து கவுண்டர் கப், கரூர்ல எல்ஆர்ஜி நாயுடு கப், பெரியகுளத்துல பி.டி.சிதுராஜன் கோப்பைன்னு பெரிய டோர்னமெண்ட் வரும், ஐஓபி, இந்தியன் பேங்க் மாதிரி டீமெல்லாம் ஆடறதைப் பாக்க எங்க பசங்க பஸ் ஏறிப் போவாங்க. அந்த லெவலுக்குப் போகணும்னு நினைக்கிற பையனுக்கு எங்க லீக் ஒரு படிக்கட்டு. அதனாலதான் இங்க கொடுக்கற ஒரு சின்ன ஷீல்டுக்குக்கூட வெளிய இருந்து பாக்கறவங்களுக்குத் தெரியாத ஒரு கனம் இருக்கு. நாளைக்கு ஒரு டீம் கோச் "எங்க ஆடின, என்ன பண்ணின"ன்னு கேட்டா அவன் கையில காட்ட வேற என்ன இருக்கு சொல்லுங்க.

இப்ப ஸ்கோர் ஷீட்டுக்கு வரேன். ஃபிபான்னா உலக பேஸ்கட்பால் அமைப்பு, அவங்க ஸ்கோர் ஷீட் எழுதினவங்களுக்குத் தெரியும், அது ரொம்ப அழகான ஒரு பேப்பர். முதல், மூணாவது குவார்ட்டருக்கு சிவப்புப் பேனா, ரெண்டாவது, நாலாவதுக்கு நீலமோ கருப்போ. ரெண்டு பாயிண்ட்டுக்கு சாய்ஞ்ச கோடு, ஃப்ரீ த்ரோவுக்கு ஒரு கருப்புப் பொட்டு, மூணு பாயிண்ட்னா பிளேயர் நம்பரைச் சுத்தி வட்டம். பவுலுக்குத் தனித்தனிக் கட்டம், டைம் அவுட்டுக்குக் கட்டம். ஆனா மிஸ் ஆன ஷாட்டைப் பிடிச்சு ரீபவுண்டு எடுத்தவன், பாஸ் கொடுத்தவன், பந்தைப் பறிச்சவன், நெஞ்சைக் காட்டி நின்னு சார்ஜ் வாங்கினவன் இவங்களுக்கு அதுல ஒரு இடமும் கிடையாது. மேட்ச்சை யாரு ஜெயிச்சாங்கன்னு சந்தேகமில்லாம சொல்றதுக்காகப் போட்ட பேப்பர் அது, யாரு நல்லா ஆடினாங்கன்னு சொல்றதுக்கு இல்ல. நாங்க அதை வெச்சு அவார்டு முடிவு பண்ணதுதான் தப்பு. பாயிண்ட்டை மட்டும் எழுதி வெச்சா, வருஷக் கடைசில பாயிண்ட் போட்டவன் பேரு மட்டும்தான் கையில இருக்கும்.

அடுத்த சீசனுக்கு முன்னாடி கமிட்டி மீட்டிங்ல இதைக் கிளப்பினேன். ரெண்டு மூணு பெரியவங்க ஒத்துக்கல, "அதிக பாயிண்ட் போட்டவனுக்குக் கொடுத்தா ஒருத்தனும் கேள்வி கேக்க முடியாதுப்பா, கணக்கு கண்ணு முன்னாடி இருக்கு"ன்னாங்க. அதுல நியாயம் இருக்கு, நான் இல்லைன்னு சொல்லல. அப்பதான் அமெரிக்காவோட என்பிஏ லீக்ல 1961-62 சீசன் கதையைச் சொன்னேன். வில்ட் சேம்பர்லெய்ன் அந்த வருஷம் மேட்ச்சுக்கு சராசரியா 50.4 பாயிண்ட் போட்டாரு, ஒரே மேட்ச்ல 100 பாயிண்ட் போட்டதும் அதே சீசன்லதான், இன்னிக்கு வரைக்கும் அந்த ரெண்டையும் யாரும் தொடல. ஆனா அந்த வருஷம் எம்விபி, அதாவது சீசனோட பெஸ்ட் பிளேயர் அவார்டு, அவருக்கு இல்ல, பாஸ்டன் டீமோட பில் ரஸ்ஸலுக்கு. ஓட்டுப் போட்டது யாரு தெரியுமா, கூட ஆடின பிளேயருங்கதான், அந்தக் காலத்துல எம்விபியை அவங்கதான் தேர்ந்தெடுத்தாங்க. கோர்ட்டுக்குள்ள நின்னு ஆடினவங்களுக்கு ரஸ்ஸல் டிஃபென்ஸ்ல என்ன பண்றாருன்னு உடம்புல தெரிஞ்சிருக்கு. இதைச் சொன்னதும் மூத்தவர் ஒருத்தர், பழைய சென்டர் பிளேயர், கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு "சரி, என்ன பண்ணலாம்னு எழுதிக் கொடு"ன்னாரு.

முதல் வேலையா ஸ்டாட்ஸ் எடுக்க ஆரம்பிச்சோம். லேப்டாப், சாஃப்ட்வேர் எதுவும் இல்ல, ஏ4 பேப்பர்ல ஸ்கேல் வெச்சுக் கட்டம் போட்டு ஜெராக்ஸ். இதுல நாங்க பட்டுக் கத்துக்கிட்டதைச் சொல்றேன், புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு ஒரு சீசன் மிச்சமாகும். ஒரே ஆளு பாத்துக்கிட்டே எழுதவும் முடியாது. தலை குனிஞ்சு கோடு போடறதுக்குள்ள பந்தைப் பறிச்சு ஸ்டீல் நடந்து எதிர்ப்பக்கம் லே-அப் போயிடும். அதனால ஒரு டீமுக்கு ரெண்டு பேர், ஒருத்தர் பாத்துச் சொல்லணும், ஒருத்தர் எழுதணும், சொல்றவரு பேப்பரைப் பாக்கவே கூடாது. "ஏழு அசிஸ்ட், பன்னெண்டு ரெண்டு, ஒம்போது ரீபவுண்டு"ன்னு நம்பரை முதல்ல சொல்லிட்டுத்தான் என்ன பண்ணான்னு சொல்லணும், மாத்திச் சொன்னா எழுதறவர் கை தடுமாறும். அப்புறம் ஒரு டீமோட ஸ்டாட்ஸை அந்த டீம்காரங்க யாரும் எடுக்கக் கூடாது. முதல் வருஷம் ஆள் இல்லைன்னு ஒரு டீமோட ஜூனியர் பசங்களையே உக்கார வெச்சோம், அவங்க கேப்டனுக்கு ஒரே மேட்ச்ல பதினாறு அசிஸ்ட் வந்துச்சு. பசங்க வேணும்னு பண்ணல, அவன் கையிலிருந்து போன பாஸெல்லாம் அவங்களுக்கு அசிஸ்ட்டாத் தெரிஞ்சிருக்கு.

அதனால அசிஸ்ட்னா என்னன்னு சீசனுக்கு முன்னாடியே உக்காந்து பேசி முடிவு பண்ணிடுங்க. பாஸ் நேரா பாயிண்ட்டுக்கு வழி விடணும். வாங்கினவன் அங்கயே நின்னு நாலு டிரிபிள் அடிச்சு, ஒருத்தனை ஏமாத்திட்டுப் போட்டா அது அவனோட உழைப்பு, அசிஸ்ட் இல்ல. ஃபிபா மேனுவல்ல இன்னொண்ணு இருக்கு, பாஸ் வாங்கினவன் ஷூட் பண்றப்ப பவுல் ஆகி ஃப்ரீ த்ரோ ஒண்ணாவது போட்டாலும் பாஸ் கொடுத்தவனுக்கு அசிஸ்ட் உண்டு. இது நிறைய பேருக்குத் தெரியாது. எங்க லீக்ல இதைச் சேத்ததும் பாயிண்ட் கார்டுகளோட கணக்கே மாறுச்சு.

எல்லாத்தையும் எடுத்த பிறகு ஃபிபால எஃபிஷியன்சின்னு ஒரு கணக்கு இருக்கு, அதைப் போட்டோம். ரொம்ப எளிமையானதுதான், பாயிண்ட், ரீபவுண்டு, அசிஸ்ட், ஸ்டீல், பிளாக் எல்லாத்தையும் கூட்டிக்கணும், அதுலருந்து மிஸ் ஆன ஷாட், மிஸ் ஆன ஃப்ரீ த்ரோ, பந்தைத் தொலைச்ச டர்ன்ஓவர் மூணையும் கழிக்கணும். முதல் வாரத்துலயே ஒரு மேட்ச் எங்க கண்ணைத் திறந்துச்சு. ஒரு பையன் 22 பாயிண்ட், ஊரே அவனைப் பத்திப் பேசுச்சு. ஷீட்டைப் பாத்தா 21 ஷாட் அடிச்சு 7தான் போட்டிருக்கான், 14 மிஸ். ஃப்ரீ த்ரோ 8ல 5. ரீபவுண்டு 5, அசிஸ்ட் 1, ஸ்டீல் 1, டர்ன்ஓவர் 5. கூட்டினா 29, கழிக்க வேண்டியது 22, மிச்சம் வெறும் 7. அதே மேட்ச்ல எதிர் டீம் கார்டு 9 பாயிண்ட்தான், ஆனா 7 ஷாட்ல 4 போட்டிருக்கான், ஃப்ரீ த்ரோ ரெண்டுல ஒண்ணு, ரீபவுண்டு 8, அசிஸ்ட் 7, ஸ்டீல் 4, டர்ன்ஓவர் ரெண்டே ரெண்டு. 28ல 6 போனா 22. மேட்ச்சை ஜெயிச்சதும் அவன் டீம்தான். இந்த ரெண்டு வரியையும் சாக்பீஸால கிரவுண்டு போர்டுல எழுதி வெச்சேன், அன்னிக்கு சாயங்காலம் பசங்க அதைச் சுத்தி நின்னுக்கிட்டு பேசுன பேச்சு இருக்கே, அதுவரைக்கும் எங்க கிரவுண்டுல ஷாட் செலக்ஷனைப் பத்தி யாரும் அப்படிப் பேசி நான் கேட்டதில்ல.

ஆனா இந்தக் கணக்கும் முழுசு கிடையாதுங்க. ஒரு ஸ்கோரரை நாப்பது நிமிஷம் பந்து வாங்க விடாம ஒட்டிக்கிட்டே நின்னவனுக்கு இதுல என்ன வரும்? ஒண்ணும் வராது. நம்ம 7ஆம் நம்பர் பையன் பண்ணது அதுதானே. அதனால கணக்கு மட்டும் போதாது, கண்ணால பாத்தவங்க ஓட்டும் வேணும்னு தோணுச்சு.

ஓட்டு யாரு போடறதுங்கறதுலதான் பெரிய சண்டை. என்பிஏல 1980-81 சீசன்லருந்து பத்திரிகைக்காரங்கதான் போடறாங்க, இப்ப நூறு பேர், முதல் இடத்துக்கு 10, அப்புறம் 7, 5, 3, 1ன்னு பாயிண்ட். எங்க ஊர்ல எல்லா மேட்ச்சும் பாக்குற பத்திரிகைக்காரர் எங்க இருக்காரு? கோச்சுங்களை விட்டா அவங்கவங்க டீமுக்குத்தான் போடுவாங்க. அப்ப எனக்கு வழி கிடைச்சது ஒரு விதத்துல கீது அன்னா ஜோஸால. சதர்ன் ரயில்வேக்கு ஆடின சென்டர், கேரளாக்காரங்க, 2000க்கு அப்புறம் இந்தியா டீமோட முதுகெலும்பா இருந்தவங்க. அவங்க ஆஸ்திரேலியாவுல ரிங்வுட் ஹாக்ஸ்னு ஒரு டீமுக்குப் போய் ஆடினாங்க, அங்க விக்டோரியா மாநிலத்துல நடக்கற செமி-புரொபஷனல் லீக் அது. எங்க லீக் மாதிரியே வேலைக்குப் போயிட்டு வந்து ஆடறவங்க இருக்கற லீக் எப்படி நடத்தறாங்கன்னு தேடிப் படிக்கப் போய்த்தான் அந்த ஊர் ஆஸ்திரேலியன் ரூல்ஸ் ஃபுட்பால்ல (நம்ம கால்பந்து இல்ல) பிரவுன்லோ மெடல்னு ஒண்ணு இருக்கறது கண்ணுல பட்டுச்சு. 1924லருந்து கொடுக்கறாங்க. ஒவ்வொரு மேட்ச் முடிஞ்சதும் அம்பயருங்க உக்காந்து அன்னிக்கு நல்லா ஆடின மூணு பேருக்கு 3, 2, 1ன்னு ஓட்டுப் போட்டு மூடி வெச்சிடுவாங்க, சீசன் கடைசிலதான் எண்ணுவாங்க. படிச்சதும் இதான்னு தோணுச்சு. கோர்ட்டுல பத்து பேர் கூடவே ஓடற நடுவரை விட ஆட்டத்தைக் கிட்டக்கப் பாத்தவங்க யாரு?

எங்க ரெஃப்ரிங்க முதல்ல ஒத்துக்கல. "நாங்க ஏற்கனவே விசில் ஊதித் திட்டு வாங்கறோம், இது வேறயா"ன்னாங்க, அதுவும் வாஸ்தவம்தான், அடுத்த வாரம் அதே டீம் முன்னாடி போய் நிக்கணுமே. யாரு யாருக்குப் போட்டாங்கன்னு கடைசி வரைக்கும் வெளிய வராதுன்னு உறுதி கொடுத்தோம். ரெண்டு ரெஃப்ரியும் சேந்து ஒரே சீட்டு, பேர் எழுதாம நம்பரும் டீமும் மட்டும், கவர்ல போட்டு ஒட்டி ஒரு தகர டப்பாக்குள்ள. டப்பா பூட்டோட சாவி, எந்த டீம்லயும் சம்பந்தமில்லாத கிரவுண்டு பக்கத்து மெடிக்கல் ஷாப் அண்ணன்கிட்ட. டிரஸ் மாத்தறதுக்கு முன்னாடியே சீட்டு எழுதிடணும். வீட்டுக்குப் போய் யோசிச்சு எழுதினா ஞாபகத்துல நிக்கறது கடைசி ரெண்டு நிமிஷத்துல போட்ட த்ரீ மட்டும்தான்.

இந்த ஓட்டு, எஃபிஷியன்சி சராசரி, லீக் முடிஞ்சதும் கேப்டனுங்க தன் டீமை விட்டு வேற டீம் பிளேயருக்குப் போடற ஓட்டு, இந்த மூணையும் சேத்துத்தான் இப்ப எம்விபி முடிவு பண்றோம். ரெஃப்ரி ஓட்டுக்குப் பாதி வெயிட்டு, மத்த ரெண்டுக்கும் கால் கால். சமமா வந்தா ரெஃப்ரி ஓட்டுல அந்த 3ஐ அதிக தடவை வாங்கினவன். இதையெல்லாம் சீசன் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே அச்சடிச்சு எட்டு டீம் மேனேஜர் கையிலயும் கொடுத்துக் கையெழுத்து வாங்கிடறோம். கையெழுத்து ரொம்ப முக்கியம். ரூல் என்னவா இருந்தாலும் முன்கூட்டியே சொல்லியிருந்தா தோத்தவன்கூட ஏத்துக்கறான், நடுவுல மாத்தினா ஜெயிச்சவனுக்கே சங்கடமா இருக்கு.

கெஸ்ட் பிளேயர் விஷயம் தனியாச் சொல்லணும். ஒரு வருஷம் ஒரு டீம் செமிக்கு முன்னாடி வெளியூர்லருந்து ஒரு பெரிய பிளேயரைக் கொண்டு வந்துச்சு, கடைசி நாலு மேட்ச்தான் ஆடினாரு, சராசரி எடுத்தா அவர்தான் டாப்பு. ரூல் எதுவும் எழுதி வைக்காததால கொடுக்க வேண்டியதாப் போச்சு, சீசன் முழுக்க ஆடின உள்ளூர்ப் பசங்க முகத்தைப் பாக்க முடியல. இப்ப ஏழு லீக் மேட்ச்ல குறைஞ்சது அஞ்சு மேட்ச் ஆடியிருக்கணும். என்பிஏவே 2023-24லருந்து 82ல 65 மேட்ச் ஆடினாத்தான் பெரிய அவார்டுன்னு கொண்டு வந்துட்டாங்களே, நம்ம கேக்கறது தப்பில்ல.

சண்டை போட்டுத் தடை வாங்கினவனுக்குக் கொடுக்கலாமாங்கற கேள்வியும் வந்துச்சு. பிரவுன்லோல கொடுக்க மாட்டாங்க, 1997ல கிறிஸ் கிராண்ட் எல்லாரையும் விட அதிக ஓட்டு வாங்கியும் ஒரே ஒரு மேட்ச் சஸ்பென்ஷனால மெடல் போச்சு. எனக்கு அது ரொம்பக் கொடுமையாப் பட்டுச்சு. நாங்க, ஒரு மேட்ச் சஸ்பென்ஷன்னா சண்டை போட்ட அந்த மேட்ச்சோட ஓட்டு மட்டும் போகும், ரெஃப்ரி மேல கை வெச்சாத்தான் மொத்தமும் போகும்னு வெச்சிருக்கோம். இதுல எல்லாருக்கும் ஒரே கருத்து இருக்காது, உங்க லீக்ல நீங்க பேசிக்கங்க.

பைனலோட பெஸ்ட் பிளேயர் வேற, சீசனோட பெஸ்ட் பிளேயர் வேற, இதை ஒண்ணாக் கலக்காதீங்க. சீசன் எம்விபியை பைனலுக்கு முந்தின நாளே எண்ணி முடிச்சுடறோம், அப்பதான் அந்த கடைசி நேரத்துப் பரபரப்புல முடிவு எடுக்க வேண்டியதில்ல. பைனலுக்கு மட்டும் மூணு பேர் தனியா உக்காந்து பாத்துச் சொல்றாங்க. தோத்த டீம்லருந்தும் கொடுக்கலாம்னு முன்னாடியே சொல்லிட்டோம். என்பிஏ பைனல் எம்விபி முதல் முதலா கொடுத்த 1969லயே ஜெர்ரி வெஸ்ட் தோத்த டீம்லருந்துதான் வாங்கினாரு, அதுக்கப்புறம் இன்னிக்கு வரை அப்படி யாரும் வாங்கல.

இன்னொரு வருஷம் உற்சாகத்துல 14 அவார்டு வெச்சுட்டோம். பெஸ்ட் ரீபவுண்டர், பெஸ்ட் பாஸர், பெஸ்ட் ஃப்ரீ த்ரோ, என்னென்னமோ. பரிசளிப்பு ஒன்றரை மணி நேரம் போச்சு, பேர் கூப்பிட்டா பையன் பஸ்ஸுக்குப் போயிருப்பான், யாரோ ஒருத்தர் அவன் சார்பா வாங்குவாரு. இப்ப ஆண்களுக்கு ஏழு, பெண்களுக்கு ஏழு. அதுல ரெண்டை மட்டும் எந்த வருஷமும் விட மாட்டேன். ஒண்ணு டிஃபென்ஸ் அவார்டு. இன்னொண்ணு பெஞ்சுலருந்து வந்து ஆடறவங்களுக்கு. கேப் டைம்ல தண்ணி பாட்டில் எடுத்துக் கொடுத்துட்டு, அஞ்சு நிமிஷம் உள்ள போகச் சொன்னா உயிரைக் கொடுத்து ஆடிட்டு வர்ற பிளேயர் ஒவ்வொரு டீம்லயும் ஒருத்தர் இருப்பாங்க, அவங்க பேரை மைக்ல சொல்றதுக்கு வேற சந்தர்ப்பமே கிடையாது.

பெண்கள் லீக்கைப் பத்தி நான் வருத்தத்தோடதான் எழுதறேன். நாலு டீம்தான், ஆனா ஆட்டம் அவ்வளவு நல்லா இருக்கும். பல வருஷமா அவங்க பைனல் சாயங்காலம் நாலரைக்கு, வெயில் இறங்கறதுக்கு முன்னாடி. அவங்க பரிசை ராத்திரி ஆண்கள் பைனல் முடிஞ்சு கொடுப்போம், அதுக்குள்ள பாதிப் பொண்ணுங்க வீட்டுக்குப் போயிருப்பாங்க, அப்பாவோ அண்ணனோ பைக் எடுத்துட்டு வந்து கேட்டுக்கிட்ட காத்துட்டிருப்பாங்க, எவ்வளவு நேரம்தான் நிக்க முடியும். ஒரு வருஷம் பெஸ்ட் பிளேயர் ஷீல்டை மறுநாள் அந்தப் பொண்ணு வீட்டுக்கு நான் கொண்டு போய்க் கொடுத்தேன். அவங்க அம்மா வாங்கிப் பாத்துட்டு "எல்லாரும் இருக்கும்போது கொடுத்திருந்தா நல்லா இருந்திருக்கும்ல கண்ணு"ன்னு சொன்னாங்க. கோவமாச் சொல்லல, சாதாரணமாத்தான் சொன்னாங்க, எனக்கு பதில் இல்ல. 19 வயசுல இந்தியாவுக்கு கேப்டன் ஆகி, 2021ல பத்மஸ்ரீ வாங்கின அனிதா பால்துரை நம்ம சென்னைலருந்து வந்தவங்க. அடுத்து ஒரு அனிதா வரணும்னு மேடைல பேசிட்டு காலி கேலரி முன்னாடி அவங்களை ஆட வைக்கறது சரியா? இப்ப ரெண்டு பைனலும் லைட் வெளிச்சத்துல, ஆறரைக்குப் பெண்கள், அது முடிஞ்ச கையோட அவங்களோட ஏழு அவார்டும் அங்கயே, நிறைஞ்ச கேலரி முன்னாடி. அப்புறம்தான் ஆண்கள் பைனல் டிப் ஆஃப். இதுக்கு ஒரு ரூபா செலவு இல்ல, டைம் டேபிளை மாத்தினதுதான்.

அப்புறம் பேரு விஷயம், தயவு செஞ்சு கவனிங்க. சர்டிபிகேட்ல பேரும் இனிஷியலும் பத்தாவது மார்க் ஷீட்ல இருக்கற மாதிரியே இருக்கணும். கிரவுண்டுல கூப்பிடற பேரை எழுதிக் கொடுத்துட்டோம் ஒரு பையனுக்கு, ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு வேலைக்கு ஃபைல் ரெடி பண்றப்ப "அண்ணா இது நான்தான்னு லெட்டர் கொடுங்க"ன்னு வந்து நின்னான். இப்ப ரிஜிஸ்ட்ரேஷன் அப்பவே மார்க் ஷீட் ஜெராக்ஸ் வாங்கி வெச்சுக்கறோம். ஷீல்டுல பேரை முன்னாடியே பொறிக்கறதில்ல, அவார்டு பேரும் வருஷமும் மட்டும் போட்டுட்டு பேர்த்தகட்டை அடுத்த வாரம் கடைக்காரர் ஒட்டிக் கொடுக்கறாரு.

பரிசா என்ன கொடுக்கறதுன்னு கேக்கறவங்களுக்கு, சுவர்க்கடிகாரம், டின்னர் செட் எல்லாம் வேண்டாங்க. சிமெண்ட் கோர்ட்ல வாரத்துக்கு அஞ்சு நாள் ஆடினா ஒரு ஷூ சில மாசத்துல சோல் தேஞ்சுடும், நல்ல ஷூ வாங்க எங்க பசங்கள்ல நிறைய பேருக்கு மாசச் சம்பளத்துல பெரிய பங்கு போகும். ஸ்பான்சர்கிட்டப் பேசி ஷூ வவுச்சராக் கொடுக்கறோம், அவங்கவங்க சைஸ் பாத்துக் கடைல வாங்கிக்கறாங்க.

இதெல்லாத்தையும் விட எனக்குத் திருப்தியான ஒண்ணு, அவார்டே வாங்காதவங்களுக்குப் பண்ணது. சீசன் முடிஞ்சதும் ஆண்கள், பெண்கள் ரெண்டு லீக்லயும் ஆடின ஒவ்வொருத்தருக்கும் அவங்களோட ஸ்டாட்ஸை ஒரு பக்கத்துல பிரிண்ட் எடுத்துக் கொடுக்கறோம். மொத்தம் நூத்தி நாப்பது பக்கம், எடுக்கற செலவு ஒரு பெரிய டிராபி விலையை விடக் கம்மி. ஒரு காலேஜ் பையன், சீசன் முழுக்க 31 நிமிஷம்தான் ஆடியிருக்கான், அந்தப் பக்கத்தை லேமினேட் பண்ணி வெச்சிருக்கான். 9 ரீபவுண்டு, 2 ஸ்டீல், ஒரு டர்ன்ஓவர்கூட இல்ல.

7ஆம் நம்பர் பையனுக்கு என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. புது முறை வர்றப்ப அவனுக்கு முட்டி போயிடுச்சு, ஏசிஎல், ஆபரேஷன் ஆச்சு, அதுக்கப்புறம் லீக்ல ஆடல. அவனுக்கு நாங்க கொடுக்க வேண்டியது கொடுக்காமலே போச்சு, அதைச் சரி பண்ண வழி இல்ல, பின்னாடி ஒரு சால்வை போத்தினா அது ஈடாகாதுன்னு எனக்கே தெரியும். ஒரு நாள் அவனாவே டேபிளுக்கு வந்து "அண்ணா, நான் பாத்துச் சொல்லட்டுமா"ன்னு கேட்டான். இப்ப ரெண்டு வருஷமா அவன்தான் என் பக்கத்துல உக்காந்து நம்பர் சொல்றான், நான் எழுதறேன். பாஸ் கையை விட்டுப் போறதுக்கு முன்னாடியே அவனுக்குத் தெரிஞ்சுடும் அது அசிஸ்ட் ஆகுமா ஆகாதான்னு.

போன ஞாயித்துக்கிழமை ஒரு மேட்ச், மூணாவது குவார்ட்டர், பந்து சைடு லைன் தாண்டப் போச்சு, ஒரு சின்னப் பையன் சிமெண்ட்ல அப்படியே விழுந்து பந்தை உள்ள தட்டிவிட்டான், முழங்கை தோல் உரிஞ்சு ரத்தம். அவன் டீம்காரன் எடுத்து, இன்னொருத்தனுக்குக் கொடுத்து, அவன் போட்டான். பாயிண்ட் ஒருத்தனுக்கு, அசிஸ்ட் இன்னொருத்தனுக்கு. விழுந்தவன் நம்பரைச் சொல்லிட்டு 7ஆம் நம்பர் தம்பி நிறுத்திட்டான். நான் பேனாவை வெச்சுக்கிட்டு அவனைப் பாக்கறேன். "அண்ணா, லூஸ் பால்னு ஒரு கட்டம் போடலாமா"ன்னான். பைல இருந்து ஸ்கேலை எடுத்து, மிச்சமிருந்த ஷீட்டெல்லாத்துலயும் டர்ன்ஓவருக்கு அந்தப் பக்கம் ஒரு கோடு இழுத்தேன்.